ஒன்று புள்ளி நாலு

ஊஃப் என்றது. அப்புறம் ஒன்றுமில்லை. நாலைந்து மூச்சு நேரம் போய் மறுபடியும் ஊஃப். தடித்த ஆள் ஒருத்தன் காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதிப்பார்க்கிற மாதிரி. மணி பதினொன்றரை. முதலில் மிரியம்தான் என்று நினைத்தேன். ஒன்பது மாதக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டினால் இப்படிக் கேட்குமோ என்று குனிந்து அவள் மூக்கருகே காதை வைத்தேன், அவள் பாட்டுக்குப் பால் வாசத்தோடு சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், உலகத்தில் எவனைப் பற்றியும் கவலையில்லை, அப்பனை மாதிரி. அடுத்து பின்கதவு. எங்கள் குவார்ட்டர்ஸ் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, நல்ல கனத்த இரும்புத் தாழ்ப்பாள், அது போய் உட்கார வேண்டிய குழிதான் அடைத்துக் கிடக்கிறது. குடியிருப்பவர்கள் மாறும்போதெல்லாம் எஸ்டேட் ஆபீஸ் ஆட்கள் வந்து கதவு, நிலை, குழி, பல்லி என்று வித்தியாசம் பார்க்காமல் பெயிண்டை அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள், நடுவில் கடல்காற்று தன் பங்குக்குத் துருவை வைத்திருக்கிறது, இப்போது சுண்டுவிரல் நுனிகூட நுழையாது. பதினோரு மாதமாக என் வீட்டுக்காரன் ஆன்றோவிடம் சொல்கிறேன். "ஏட்டி, காலனி கேட்டுல நாலு செக்யூரிட்டி நிக்கான், எந்தக் களவாணி வந்து ஒன் மிக்ஸியத் தூக்கப் போறான்?" அவன் நைட் ஷிஃப்ட் போகிற வாரங்களில் நான் அந்தக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து, நாற்காலி மேல் குக்கரை வைத்து, குக்கருக்குள் ஐந்தாறு ஸ்பூனைப் போட்டு வைக்கிறேன். யாராவது தள்ளினால் குக்கர் விழும், நான் விழித்துக்கொள்வேன், விழித்து என்ன செய்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. கெமிக்கல் எஞ்சினியரிங்கில் தங்க மெடல் வாங்கியவளின் பாதுகாப்பு ஏற்பாடு இது. போய்ப் பார்த்தேன். குக்கர் வைத்த இடத்தில் இருந்தது. கதவுக்கு வெளியே, முருங்கை மரத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் அப்பாலிருந்து, மறுபடியும் ஊஃப், குக்கருக்குள் ஒரு ஸ்பூன் லேசாக அதிர்ந்தது, அப்போதுதான் புரிந்தது. அது களவாணி இல்லை. அது ஃபர்னஸ். அறுநூறு மீட்டர் தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் பெரிய உலை மூச்சு வாங்குகிறது, அதன் காலடியில்தான் ஆன்றோவுக்கு இன்று டியூட்டி.

உலை எப்போது மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். எரிக்க வேண்டியதற்கு மேல் எரித்து, காற்று போதாமல் தீ தடுமாறினால் வாங்கும். ஏன் மேலே எரிக்கிறார்கள்? உள்ளே வருகிற எண்ணெய் சூடு குறைந்து வருவதால். ஏன் சூடு குறைந்தது? இங்கேதான் நான் வருகிறேன், தலைநிமிர்ந்து, மெடலோடு. கப்பலில் வந்த கச்சா எண்ணெயை அப்படியே உலைக்குள் விடுவதில்லை. வழியில் வரிசையாகப் பெரிய உருளைகள், எக்ஸ்சேஞ்சர்கள், ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான குழாய்கள், வெளியே போகிற சூடான எண்ணெய் தன் சூட்டை உள்ளே வருகிற எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டுப் போகும். நாளாக நாளாகக் குழாய்களுக்குள் கரி பிடிக்கும், பால் பாத்திரத்தின் அடி மாதிரி. கரி பிடித்தால் சூடு ஏறாது, ஏறாத சூட்டையெல்லாம் உலைதான் எரித்து ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு கரி என்று திறந்து பார்க்க முடியாது, இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற ஆலை. அதனால் உள்ளே போகிற சூடு, வெளியே வருகிற சூடு, நடுவில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது எல்லாவற்றையும் வாங்கி, திறக்காமலே, இந்த உருளையில் இத்தனை மில்லிமீட்டர் கரி, இன்ன தேதியில் திறந்து சுரண்டினால் போதும் என்று சொல்ல ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. ஃபௌலிங் மாடல். அதைக் கட்டியவள் நான், மரிய பெனிட்டா, வயது இருபத்தொன்பது, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கரியைப் பற்றிப் பேசுகிறவள், ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை குழாயைத் திறந்து சுத்தம் செய்வதைப் போய்ப் பார்த்தவள், அன்றைக்கும் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு தள்ளி நின்றவள். ஆபீஸில் மாடல் என்ற சொல்லைக் கோயிலில் மணியடித்த மாதிரி ஒரு பக்தியோடு சொல்வார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியாது. திரையில் நீலக்கோடு வளைந்து போனால் தலையாட்டுவார்கள். கோடு நடுங்கினால் முகம் சுளிப்பார்கள். என் மேலதிகாரி தணிகாசலம் சார் ஒருமுறை சொன்னார், "பாருங்கம்மா, கோடு கொஞ்சம் ஸ்மூத்தா இருக்கட்டும், மேல இருக்கறவங்க பயந்துடுவாங்க." மேலே இருக்கிறவர்கள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை, கீழே இருக்கிறவர்கள்தான் வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம். ஊஃப். இப்போது இடைவெளி குறைந்திருக்கிறதா, என் காது கூட்டிச் சொல்கிறதா.

இன்று சாயங்காலம் ஆபீஸில் வேறெதையோ தேடப்போய் ஒரு சீட்டு கையில் அகப்பட்டது. ஒர்க்ஷாப் சீட்டு. ஏழாம் எக்ஸ்சேஞ்சரின் அழுத்தக் கேஜை போன மாதம் பன்னிரண்டாம் தேதி காலை கழற்றினோம், சோதித்தோம், கேஜ் நன்றாக இருக்கிறது, பதினான்காம் தேதி திரும்ப மாட்டினோம், இப்படிக்கு. மற்ற எண்களெல்லாம் கம்பி வழியாகத் தானாகவே கண்ட்ரோல் ரூமுக்கு வந்துவிடும், இந்த ஒரு எண்ணுக்கு மட்டும் ஆள் ஏணி ஏறிப் போய், கேஜின் முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்து, லாக் ஷீட்டில் கையால் எழுத வேண்டும். எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி நைட் ஷிஃப்ட், இரண்டு மணி, 1.4. பதின்மூன்றாம் தேதி நைட் ஷிஃப்ட், இரண்டு மணி, 1.4. கேஜே இல்லாத இடத்தில் ஏணி ஏறிப் போய் ரீடிங் எடுத்திருக்கிறார் ஒரு மகான். பின்னோக்கிப் புரட்டினேன். 1.4, 1.4, 1.4. பகல் ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட், எல்லாரும் முந்தின ஆளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், இரண்டு மாதமாக, யாரோ ஒருத்தன் மட்டும் மானத்துக்கு ஒரே ஒரு நாள் 1.5. ஆனால் கேஜ் இல்லாத அந்த இரண்டு ராத்திரியும் ஒரே கை. அந்த நாலை எனக்குத் தெரியும். மேலே மூடாத நாலு, ஒரு கால் நீண்டு, கவிழ்த்துப் போட்ட முக்காலி மாதிரி. அந்த நாலைத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். டிரெய்னியாக வந்த புதிதில் லாக் ஷீட் சரிபார்ப்பது என் வேலை, ஓரத்தில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம், எல்லா ஆபரேட்டர்களும் நார்மல் என்று எழுதுவார்கள், ஒருத்தன் மட்டும் எழுதினான்: ஏழாம் நம்பர் நலம், மேடம் நலமா? நான் சிவப்பு மையில் எழுதினேன்: ரிமார்க்ஸ் கட்டத்தைத் தவறாகப் பயன்படுத்த வேண்டாம். மறுநாள்: மன்னிக்கவும், ஏழாம் நம்பருக்குக் கொஞ்சம் காய்ச்சல், மேடம் கோபமாகப் பேசியதால். ஏழு மாதம் அந்தக் கட்டத்திலேயே காதலித்தோம். ஆபீசர் பொண்ணு ஆபரேட்டரைக் கட்டுறாளாம் என்று காலனியே வாயைப் பிளந்தது, ஆபீசர் வீட்டம்மாக்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஒரு பக்கமாகச் சிரிக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்காரர்களில் ஒருத்தராவது பெண்டாட்டிக்கு இரண்டு வரி எழுதியிருப்பாரா, எழுதியிருந்தாலும் கீழே காப்பி டு என்று போட்டிருப்பார். இப்போது ரிமார்க்ஸ் கட்டத்தைப் பார்த்தேன். ஆன்றோவும் நார்மல் என்றுதான் எழுதியிருக்கிறான், எல்லா ராத்திரியும், எல்லாரையும் போல.

இதில் சிரிக்க வேண்டியது இனிமேல்தான். என் மாடல் மடத்தனமானது அல்ல, மடத்தனம் என்னுடையது. சூடு குறைகிறது என்று கம்பி வழியாக வந்த எண்கள் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தன. அழுத்தம் மாறவே இல்லை என்று கையால் எழுதிய எண் சொன்னது. இரண்டும் சண்டை போட்டால் எதை நம்புவது என்று மாடலுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கையால் எழுதியதை நம்பு. சூடு காட்டுகிற கருவி பழுதாகும், மனுஷன் நேரில் போய்க் கண்ணால் பார்த்து எழுதியது பழுதாகாது. எந்த மனுஷன்? எந்தக் கை? மாடலுக்குள் அந்த வரியை எழுதும்போது யாரை நினைத்துக்கொண்டிருந்தேன்? தங்க மெடல். மாடலும் பணிவாகக் கேட்டுக்கொண்டது, சூட்டுக் கருவிகள்தான் பிசகியிருக்கின்றன என்று முடிவு கட்டி, அந்த எண்களைத் தானே திருத்தி, ஏழாம் எக்ஸ்சேஞ்சர் நலம், ஏப்ரல் வரை திறக்க வேண்டாம் என்று நீலக்கோடு போட்டது. ஸ்மூத்தாக. மூன்று வாரத்துக்கு முன்னால் அதை மீட்டிங்கில் வாசித்தேன், கை தட்டினார்கள், உலையில் எரிவாயு கூடச் செலவாகிறதே என்று ஒருத்தர் கேட்டதற்குத் தணிகாசலம் சார் "பர்னர்ல அழுக்கு" என்று இரண்டே வார்த்தையில் அடைத்துவிட்டு, அந்த நீலக்கோட்டை நம்பி வெள்ளிக்கிழமை முதல் இன்னும் தடித்த எண்ணெயை உள்ளே விட உத்தரவு வாங்கியிருக்கிறார். அந்த மனிதர் மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார், எதைப் பார்க்க என்று ஆறு வருஷமாக யோசிக்கிறேன். ஊஃப். ஊஃப். கரி பிடித்த ஏழாம் நம்பர், சூடேறாத எண்ணெய், மேலே மேலே எரிகிற தீ, அந்தத் தீக்குள் நிற்கிற குழாய்கள். குழாய் தாங்குமளவுக்குத் தாங்கும். அப்புறம் கிழியும். கிழிந்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன், ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

பன்னிரண்டரைக்கு அவனே கூப்பிட்டான், கண்ட்ரோல் ரூம் போனிலிருந்து, ஒவ்வொரு நைட் ஷிஃப்ட்டிலும் கூப்பிடுவான். "என்னட்டி, இன்னும் முழிச்சா இருக்க? பிள்ள அழுதாளா?" நான் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. போன மாசம் பன்னெண்டாந்தேதி ராத்திரி ஏழுல ரீடிங் எடுத்தியா என்று கேட்டேன். "நேத்து என்ன கொழம்பு வச்சன்னு கேட்டாலே எனக்குத் தெரியாது, பன்னெண்டாந்தேதியக் கேக்க." அன்னைக்கு அங்க கேஜே இல்ல ஆன்றோ, கழட்டிட்டுப் போயிட்டாங்க, நீ ஒண்ணு புள்ளி நாலுன்னு எழுதியிருக்க. சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நான் ஒரு காலத்தில் எதையும் கொடுத்திருப்பேன். "சரி, மாட்டிக்கிட்டேன். எல்லாவனும் எழுதுறதுதான, பெனி. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஏணில ஏறிப் பாரு, அந்தச் சூட்டுல நின்னு பாரு. கேஜ் கண்ணாடி பூரா எண்ணெய் வழிஞ்சு கெடக்கு, முள்ளு எங்கன நிக்குன்னே தெரியாது. அத எவன் உக்காந்து பாக்கான்?" நான் பாக்கேன் என்றேன். "நீயா?" அப்போது அவன் குரலில் சிரிப்பு இல்லை, மெய்யாகவே ஆச்சரியம். "நீ கம்ப்யூட்டர்லல்லா பாக்க. இந்த நம்பர எடுத்தா போடுத, அந்த மாடலுக்குள்ள? எனக்கு யாருட்டி சொன்னா?" யாரும் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் படுக்கிறோம், ஒரே பிள்ளையைத் தூக்குகிறோம், நான் பகலெல்லாம் எதைத் தின்னக் கொடுத்து அந்த மாடலை வளர்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது, அவன் ராத்திரியெல்லாம் எதைப் பார்க்காமல் எழுதுகிறான் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்தம் என்ன என்று கேட்டேன். "எந்தச் சத்தம்?" ஃபர்னஸ் ஆன்றோ, இங்க குக்கர் அதிருது. "ஓ, அதா. நாலு நாளா அப்படித்தான், பழகிப்போச்சு." பழகிப்போச்சு. எதற்கும் பழகிக்கொள்கிற ஜாதி. ஃபர்னஸ் ஓட்டை வழியா உள்ள குழாயப் பாரு, ஒவ்வொரு குழாயாப் பாரு, பாக்காம வந்து நார்மல்னு சொன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன் என்றேன். "சரிட்டி, சரி, போறேன்" என்று வைத்தான்.

ஒன்பதாம் வகுப்பில் சிஸ்டர் கன்சோலட்டா இரண்டு பேப்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பியூலாவுடையது, என்னுடையது. கான்வென்ட்டில் சத்தம் போடமாட்டார்கள், அங்கே கோபத்துக்குக்கூட மார்ஜின் போட்டிருக்கும். சிஸ்டர் பென்சிலால் ஒரு இடத்தைத் தொட்டார். ஐந்தாவது கணக்கில் ஏழை ஒன்பதால் பெருக்கி ஐம்பத்து மூன்று என்று எழுதியிருந்தது, இரண்டு பேப்பரிலும். "சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணுதான். தப்பு மட்டும்தான் அவங்கவங்களுக்குச் சொந்தம். யார் யாரைப் பார்த்தது?" கேட்கும்போதே பியூலாவைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார், ஏனென்றால் நான் முதல் ரேங்க், எனக்கு நீலச் சட்டையில் ஒரு பேட்ஜ் இருந்தது, பேட்ஜ் போட்டவள் பார்த்து எழுதுவாளா? பார்த்து எழுதியது நான்தான். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், தலை சுற்றியது, பியூலாவின் பேப்பர் திறந்து கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பியூலாவும் திறக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம், என்னை ஒரு தடவை பார்த்தாள், தப்பு எப்படிப் போனாலும் அவளுடையதுதானே. அசெம்பிளியில் தனியாக நிற்க வைத்தார்கள், அந்த வருஷக் கடைசியில் அவள் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார். நான் ஸ்கூல் லீடர் ஆனேன். இன்று சாயங்காலம் அந்த இரண்டு 1.4களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, நான் என்னவோ பெரிய துப்பறிவாளர் என்று ஒரு நிமிடம் எனக்குள் குளிர்ந்தது, பிறகு சிஸ்டரின் பென்சில் ஞாபகம் வந்தது. நான் யாரைக் கேவலமாகப் பேச? ஆன்றோவாவது ஏணிக்குப் பயந்து பார்த்து எழுதினான். நான் பேட்ஜுக்குப் பயந்தேன். மிரியம் தூக்கத்தில் உதட்டைச் சப்பினாள். இவளையும் அந்தக் கான்வென்ட்டில்தான் சேர்க்க வேண்டும் என்று அவன் சொல்கிறான், அங்கே படித்ததால்தான் நான் இப்படி இருக்கிறேனாம். எப்படி, ஆன்றோ?

ஒன்றே முக்காலுக்கு மறுபடி போன். அவன் என்னட்டி என்று ஆரம்பிக்கவில்லை. "ரெண்டு குழாய் செவந்திருக்கு, பெனி." ஒரு முழ நீளத்துக்கு, அடுப்பில் வைத்த கம்பி மாதிரி, மற்றதெல்லாம் கறுப்பாக நிற்க அது மட்டும் சிவப்பாக நிற்கிறதாம். இன்சார்ஜ்கிட்ட சொன்னியா என்று கேட்டேன். "சொன்னேன். மயில்வாகனன் சாரு ஒன் ரிப்போர்ட்ட எடுத்து எம் மூஞ்சிக்கு நேரா நீட்டுதாரு. ஒன் வீட்டம்மாவே எளுதியிருக்காங்க, எக்ஸ்சேஞ்சர் நல்லாருக்கு, ஏப்ரல் வரைக்கும் தொட வேண்டாம்னு, நீ அவங்களவிடப் பெரிய எஞ்சினியராலேன்னு கேக்காரு. எல்லாவனும் சிரிக்கான்." என் நீலக்கோடு, என் கையெழுத்து, அறுநூறு மீட்டர் தாண்டிப் போய் அவன் முகத்துக்கு நேரே நிற்கிறது. நான் இப்பவே மாத்தி அனுப்புதேன் என்றேன். அவன் தணிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்ட மாதிரிப் பேசினான். "அனுப்பு. ஆனா ஷீட்டப் பத்தி எளுதாத. கேஜ் ரிப்பேர்னு எளுதிரு. எனக்கு ஏற்கனவே ஒரு மெமோ இருக்கு, இன்னொண்ணு வந்துச்சுன்னா வேலை போயிரும், தெரியும்லா?" தெரியும். அந்த மெமோ மிரியம் பிறந்த வாரத்தில் வந்தது, ஐந்து ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் முழித்துவிட்டு ஆறாவது ராத்திரி டியூட்டியில் தூங்கிவிட்டான். அதை எழுதிக்கொடுத்த அதிகாரி மறுநாள் எங்களுக்குப் பழக்கூடை அனுப்பினார், ஆப்பிளுக்கு மேலே ரிப்பன் கட்டி. சரி என்று சொன்னேன். கேஜ் ரிப்பேர் என்று டைப் பண்ணினேன். டைப் பண்ணின வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கேஜ் நன்றாக இருக்கிறது என்று ஒர்க்ஷாப் சீட்டு சொல்கிறது. கேஜ் ரிப்பேர் என்றால் புதுக் கேஜ் மாட்டுங்கள், ஒரு வாரம் பார்ப்போம் என்பார்கள். தணிகாசலம் சார் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி வைப்பார். ஒரு வாரம். ஊஃப். ஊஃப். ஊஃப். இப்போது நடுவில் மூச்சே இல்லை.

மயில்வாகனன் சாருக்கு நானே போன் போட்டேன். ஐம்பது வயசு, எல்லாவற்றையும் யாராவது எழுத்தில் கொடுக்க வேண்டும் அவருக்கு, மழை பெய்கிறது என்றாலும். "மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியாமயா? ஆனா வாய்ல சொன்னா எரிக்கிற ரேட்ட எப்படிக் கொறைப்பேன்? காலைல என்னைத்தான கேப்பாங்க. ஒரே ஒரு மெயில் போடுங்க, காரணத்தோட. அஞ்சு நிமிஷத்துல கொறைச்சுடறேன்." காரணத்தோடு. அந்த உலைப்பக்கம் இன்னும் எட்டு பேர் நிற்கிறார்கள், சிரித்தவர்கள் உட்பட, அவர்கள் வீடுகளிலும் யாராவது சத்தத்துக்கு முழித்துக் கிடப்பார்களா, இல்லை, பழகிப்போயிருக்கும். கேஜ் ரிப்பேரை அழித்தேன். எழுதினேன். ஏழாம் எக்ஸ்சேஞ்சரின் அழுத்த ரீடிங் இரண்டு மாதமாக எடுக்கப்படவில்லை, பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. ஆதாரம், கேஜ் கழற்றப்பட்டிருந்த இரண்டு இரவுகளின் லாக் ஷீட். எழுதியவர், ஆபரேட்டர் ஆன்றோ. அந்தப் பெயரை டைப் பண்ண எவ்வளவு நேரமானது என்று தெரியாது, மூன்றே எழுத்து. அதற்குக் கீழே, அந்த ரீடிங்கைச் சோதிக்காமல் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நம்பும்படி மாடலில் எழுதியவள் நான், மரிய பெனிட்டா, என் பழைய அறிக்கை தவறு, உலையில் இரண்டு குழாய்கள் சிவந்திருக்கின்றன, உடனே எரிப்பதைக் குறைத்து ஏழாம் எக்ஸ்சேஞ்சரைத் திறக்க வேண்டும். பெறுநர் கட்டத்தில் மயில்வாகனன், தணிகாசலம், அதற்கும் மேலே எனக்கு முகம் தெரியாத இரண்டு பேர். பியூலா, உன் விலாசம் எனக்குத் தெரியாது. இரண்டு பத்துக்கு அனுப்பினேன். அவனுக்கு வேலை போகும். நாளைக்கு ஆபீசர் வீட்டம்மாக்கள் இரண்டு பக்கமாகவும் சிரிப்பார்கள். கட்டின புருஷனையே எழுதிக்கொடுத்தாளாம். மிரியம் பக்கத்தில் போய்ப் படுத்தேன், அவள் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை எண்ணினேன். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. குழாய் கிழிந்தால் முதலில் வெளிச்சம் வரும், அப்புறம்தான் சத்தம், அதனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். அறுபதுக்கு அப்புறம் அடுத்தது வர நேரமானது. அறுபத்து நாலுக்கு இன்னும் நேரமானது. அறுபத்தேழு வரவே இல்லை. சத்தம் இல்லாதது அதைவிடப் பயமாக இருந்தது, ஜன்னல் கறுப்பாகவே இருந்தது, போன் அடிக்கவில்லை, நானும் அடிக்கவில்லை.

மூன்று மணிக்குக் குக்கர் விழுந்தது. ஸ்பூனெல்லாம் சமையலறைத் தரை முழுக்க ஓடின, மிரியம் வீறிட்டாள், நான் அவளைத் தூக்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஓடினேன், ஓடிப்போய் என்ன செய்வேன் என்று அப்போதும் யோசிக்கவில்லை. முன்கதவைத் தட்டிப் பிள்ளையை எழுப்ப வேண்டாமென்று பின்கதவைத் தள்ளி, நாற்காலியைக் காலால் விலக்கிக்கொண்டு ஆன்றோ உள்ளே வந்தான். டியூட்டி டிரஸ்ஸோடு, முகமெல்லாம் கரி, புருவத்தில் வேர்வை. கதவைச் சாத்தினான், அது வழக்கம்போல இரண்டு விரல் திறந்து நின்றது. "ரேட்டக் கொறச்சுட்டாங்க" என்றான். "கொழாய் கறுத்துருச்சு. நானே பாத்தேன், மூணு தடவ பாத்தேன்." பிறகு, "மயில்வாகனன் சாரு ஷீட்டயெல்லாம் எடுத்து பீரோல வச்சுப் பூட்டிட்டாரு. என்ன வீட்டுக்குப் போன்னுட்டாரு. காலைல மேல சொல்லுவாங்களாம்." நான் மிரியமின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "எம் பேர எளுதிட்டல்லா?" எழுதிட்டேன், என் பேரையும் எழுதிட்டேன் என்றேன். குழந்தையை வாங்கக் கை நீட்டினான், கரியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன், கெஞ்சுவான் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலி, கவிழ்ந்த குக்கர், ஆறு ஸ்பூன். காலையில் அவன் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவேன், அவன் பார்த்ததே இல்லை. "இது என்னதுட்டி?" கதவுக்கு என்றேன். "தெனமுமா?" நீ நைட் போற வாரமெல்லாம். அவன் என் முகத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், பிறகு நிலையருகே குத்தவைத்து உட்கார்ந்து, மேல் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் குழிக்குள் விட்டுச் சுரண்ட ஆரம்பித்தான். மேலே பச்சை, உரிந்து சுருண்டு வந்தது. அதற்குக் கீழே நீலம். அதற்குக் கீழே யாரோ ஒரு காலத்தில் அடித்த சந்தன நிறம், அதற்கும் கீழே கெட்டித் துரு, அது வரமாட்டேன் என்றது, ஸ்க்ரூ டிரைவரின் பிடியில் உள்ளங்கையால் இரண்டு குத்துக் குத்தினான், கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. "இம்புட்டு கெடந்திருக்கு உள்ள" என்றான், எனக்கில்லை, குழிக்கு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், நாலு நிமிடம். பதினோரு மாதம், நாலு நிமிடம், இந்த மனிதனை என்ன செய்ய. சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தான், துருவை ஊதினான், எழுந்து கதவைத் தோளால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளைத் தள்ளினான். மிரியம் அழுகையை நிறுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். முழுதாக உள்ளே போய் உட்கார்ந்தது.